மனத்திடம் இருந்தால் எந்த வேலை அழுத்தத்தையும் தாங்கிவிடலாமா?

"மனத்தைத் திடப்படுத்திக்கொண்டால் எந்த வேலை அழுத்தத்தையும் சமாளிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை என்பேன். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பதினோரு ஆண்டுகளாக ஷிப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன்.

எங்கள் தொழிலில் கப்பலுக்குக் கப்பல் 'கட்-ஆஃப்' நேரம் உண்டு. அதற்குள் பெட்டி துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர்கள் வரிசைகட்டி நின்றுவிட்டால், டிரைவரும் ஏஜென்ட்டும் சரக்குக்காரரும் மாறி மாறி என்னைத்தான் அழைப்பார்கள். ஆனால் துறைமுக கேட்டும் என் கையில் இல்லை, எந்த வண்டியை முதலில் அனுப்புவது என்பதும் அப்போது என் கையில் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் எழுதியது இந்த நிலையைத்தான்: பளு மிகுந்து, முடிவெடுக்கும் உரிமை குறைந்திருக்கும் வேலையே ஆளை அதிகம் வாட்டுகிறது.

நம்பிக்கை, தன்னால் முடியும் என்ற எண்ணம், விழுந்தால் எழும் திறன், நல்லதை எதிர்பார்க்கும் மனநிலை ஆகிய நான்கையும் சேர்த்து 'உளவியல் மூலதனம்' என்கிறார்கள். பொருத்தமான சொல்தான்; வரவில்லாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் எந்த மூலதனமும் கரையும். எனக்குக் கரைந்தது. இரவு ஷிப்ட் முடிந்து தண்டையார்பேட்டை வீட்டில் படுத்தால், அடிக்காத போன் அடிப்பதுபோலக் கேட்கும். நிர்வாகம் யோகா வகுப்பு வைத்தது. (யோகாவைக் குறை சொல்லவில்லை, அந்த அரை மணிக்குள் எனக்கு ஏழு அழைப்புகள் வந்தன.)

பிறகு வந்த மேலாளர் இரண்டே மாற்றங்கள் செய்தார்: வண்டிகளின் வரிசையை ஷிப்ட் பொறுப்பாளரே முடிவு செய்யலாம், சாப்பிடும்போது போனை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிடலாம். ஒரு பெட்டிகூடக் குறையவில்லை. தூக்கம் மட்டும் திரும்பியது. சாப்பாட்டு நேரம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். 1918இல் பெரம்பூர் பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்கள் தொழிற்சங்க முன்னோடி பி.பி.வாடியாவிடம் கொண்டுசென்ற குறைகளில் சாப்பாட்டு இடைவேளை போதாது என்பதும் ஒன்று. சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது அந்த ஆண்டில்தான்.

ஆகவே உங்கள் வேலையில் பொறுப்பு உங்களுடையதாகவும் முடிவு வேறொருவருடையதாகவும் இருக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றில் ஒன்றையாவது மேலாளரிடம் கேட்டு வாங்கப் பாருங்கள். அதற்குள் தூக்கம் கெட்டுப்போயிருந்தால் காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.