மாத்திரைக்குப் பதிலாக மூலிகையா?

கேள்வி: என் தம்பிக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. தினமும் மாத்திரை சாப்பிடுகிறான். போன பரிசோதனையில் ரத்தத்தில் வைரஸே தெரியவில்லை என்றார்கள். இப்போது சொந்தக்காரர் ஒருவர், ‘அதுதான் போய்விட்டதே, இனி எதற்கு இங்கிலீஷ் மாத்திரை, நான் ஒரு மூலிகைச் சூரணம் தருகிறேன், எய்ட்ஸ் வேரோடு போய்விடும்’ என்கிறார். தம்பியும் யோசிக்க ஆரம்பித்துவிட்டான். இயற்கை வைத்தியத்தில் இதற்கு வழியே இல்லையா? இன்னொன்று, அவனுடைய தட்டு, டம்ளரை அம்மா தனியாக வைத்திருக்கிறார். அது தேவையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் தம்பியிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள், இன்றைய மாத்திரையை விட வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

வைரஸ் தெரியவில்லை என்றால் வைரஸ் இல்லை என்று அர்த்தமில்லை. எச்.ஐ.வி. நம் ரத்தத்தில் இருக்கும் சிடி4 என்ற வெள்ளையணுவுக்குள் புகுந்து, அந்த அணுவின் மரபணுவோடேயே ஒட்டிக்கொள்ளும். மாத்திரை அது பெருகுவதைத் தடுக்கும், ஆனால் சில அணுக்களுக்குள் சத்தமில்லாமல் உறங்கிக் கிடக்கிற வைரஸை மாத்திரையால் தொட முடியாது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே அது மறுபடி கிளம்பிவிடும். 5,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஒரு பகுதியினருக்கு மாத்திரையை இடையிடையே நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்தியவர்களிடம் நோயும் மரணமும் அதிகமானதால் 2006-ல் அந்த முயற்சியையே கைவிட வேண்டியதாயிற்று. விட்டு விட்டுச் சாப்பிட்டால், அதே மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாகும் ஆபத்தும் இருக்கிறது.

அப்புறம், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தம்பிக்கு இருப்பது எச்.ஐ.வி. தொற்று, எய்ட்ஸ் அல்ல. சிடி4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போனாலோ, பலவீனமான உடம்பில் மட்டும் புகும் சில நோய்கள் வந்தாலோதான் எய்ட்ஸ் என்போம். ஆரோக்கியமானவர்களுக்கு அந்த எண்ணிக்கை பெரும்பாலும் 500-க்கு மேல் இருக்கும். தம்பியை எய்ட்ஸ் நிலைக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். வைரஸ் தெரியாத அளவில் தொடர்ந்து இருக்கும்வரை உடலுறவு மூலம்கூட அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, இது ஆயிரக்கணக்கான தம்பதிகளைக் கவனித்து உறுதியான விஷயம். அப்படியிருக்க, தட்டிலும் டம்ளரிலும் எப்படித் தொற்றும்? எச்.ஐ.வி. யாருக்குமே அந்த வழியில் பரவுவதில்லை. அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள், ஒவ்வொரு வேளையும் அந்தத் தனித் தட்டு தம்பியை எப்படிக் குத்தும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, மூலிகை. எச்.ஐ.வி.யை உடம்பிலிருந்து நீக்கும் மூலிகை எதுவும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. 2007-ல் காம்பியா நாட்டின் அதிபராக இருந்த யாக்யா ஜாமே, தன் மூலிகை மருந்து எய்ட்ஸைக் குணமாக்கும் என்று அறிவித்து, நோயாளிகளின் மாத்திரைகளை நிறுத்த வைத்தார். அவர்களில் பலர் இறந்துபோனார்கள்.

‘இயற்கைதானே, சேர்த்துச் சாப்பிட்டால் என்ன’ என்பதும் எப்போதும் சரியல்ல. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கல்லீரலைத் தூண்டிவிட்டுப் பல எச்.ஐ.வி. மருந்துகளை வேலை செய்வதற்கு முன்பே கரைத்துவிடும். பூண்டுச் சத்து மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு சக்வினாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைந்தது. சமையலில் போடும் பூண்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம், நான் சொல்வது செறிவான மாத்திரையை. இப்போது பலரும் சாப்பிடும் டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மாத்திரையோடு, அலுமினியமோ மெக்னீசியமோ கலந்த வயிற்றெரிச்சல் மருந்தைச் சேர்த்து விழுங்கினால்கூட மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது, வயிற்றெரிச்சல் மருந்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ டோலுடெக்ராவிரைச் சாப்பிட வேண்டும். தெரிந்த மருந்துக்கே இத்தனை கணக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத சூரணத்தை எப்படி நம்புவது?

துணையாக இருக்கக்கூடியவையும் உண்டு. குமட்டலுக்கு இஞ்சி, உடம்பு தளராமல் இருக்கப் புரதமும் காய்கறியும், நல்ல தூக்கம், நடை, மனதை அடக்க மூச்சுப்பயிற்சி. புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள், எந்த மூலிகையையும் விட அது பெரிய உதவி. ராத்திரியில் வியர்த்தாலோ, இருமல் இரண்டு மூன்று நாளில் அடங்காவிட்டாலோ காசநோய்ப் பரிசோதனை செய்துவிடுங்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது காசநோய்தான்.

கடைசியாக, தம்பி ஏன் நிறுத்த நினைக்கிறார் என்று கேட்டீர்களா? தலைசுற்றல், தூக்கமின்மை, எடை கூடுவது, யாராவது டப்பாவைப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம், இப்படி ஏதாவது இருக்கும். இதில் பலவற்றுக்கு மருந்தை மாற்றியே தீர்வு காணலாம். அதட்டாமல் கேளுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள், அந்தச் சூரணப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு.