மூன்றாவது நாற்காலி

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். என் கணவர் எங்கள் ஊரில் 26 வருடமாக முடிவெட்டும் கடை நடத்துகிறார். என் மாமனார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கடையில் மூன்று நாற்காலி. ஆள் கிடைக்காமல் அதில் ஒரு நாற்காலி இரண்டு வருடமாகச் சும்மா கிடக்கிறது. எங்கள் மகன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டு, “கடையை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறான். “இந்தக் கத்தரி என்னோடு போகட்டும், கடன் வாங்கியாவது உன்னை இன்ஜினியர் ஆக்குவேன்” என்று இவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். மகனின் பள்ளிப் பாரங்களில்கூட அப்பா தொழில் என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்றுதான் எழுதுவார். ஒரு மாதமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. நான் யார் பக்கம் நிற்பது?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: மகன் பக்கம் நில்லுங்கள், அம்மா. ஆனால் உங்கள் கணவரின் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு நில்லுங்கள். இல்லையென்றால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

அந்தப் பேச்சை என் அம்மா வாயிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அவரும் பால்மரம் வெட்டியவர்தான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு மர நிரைக்குள் நுழைவார். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும், அதனால் அந்த ஓட்டம். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். பால் வடியும் மங்கு துடைக்கலாம், மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் உரிக்கலாம். மரம் சீவும் உளியை மட்டும் தொட விடமாட்டார். ஒருநாள் அவர் கண்ணில் படாமல் எடுத்து ஒரு மரத்தைக் கீறிவிட்டேன். ஆழமாக இறங்கி மரத்துக்குக் காயம். கங்காணியிடம் ஏச்சு வாங்கியது அம்மா. அன்று ராத்திரி அவர் என்னை அடிக்கவில்லை. பால் காய்ந்து ஒட்டியிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே, “இது உளி பிடிக்கிற கை இல்லை, சாமி” என்றார்.

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மண் அவருடையது இல்லை, மரம் அவருடையது இல்லை, குடியிருந்த லயத்து வீடும் அவருடையது இல்லை. மழை பெய்தால் வேலை கிடையாது, அன்றைய கூலியும் கிடையாது. தோட்டம் கைமாறினால் வேலையும் வீடும் சேர்ந்தே போகும். உங்கள் ஊரில் பிறந்து அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே இதற்காகத்தான். துரைமார் துண்டு போட்டு விற்ற தோட்டங்களைத் தொழிலாளர்களே கூலியிலிருந்து மாதம் 10 வெள்ளி கட்டிச் சேர்ந்து வாங்கலாம் என்றார். அப்படியொரு பிழைப்பில் இருந்தவர்கள் “எங்களோடு போகட்டும்” என்று சொன்னதில் அறிவு இருந்தது. உங்கள் மாமனாரும் அதைச் சொல்லித்தான் உங்கள் கணவரை வளர்த்திருப்பார்.

இப்போது அதே வார்த்தையை எடுத்து இவர் மகனிடம் சொல்கிறார். ஆனால் இவருடைய தொழில் அப்படிப்பட்டதா? கத்தரி இவருடையது. நாற்காலி இவருடையது. கடை வாடகையை ஏற்றினால் நாலு கதவு தள்ளிப் போய்த் திறக்கலாம். 26 வருட வாடிக்கை அங்கேயும் வரும். தோட்டத்தில் இருந்த ஒருவருக்கும் இந்தச் சுதந்திரம் இருந்ததில்லை. உங்கள் மாமனார் மகனுக்கு ஆசைப்பட்டது இதைத்தான். அது கைக்கு வந்தது இவருக்கே தெரியவில்லை.

அந்தப் பள்ளிப் பாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முடிவெட்டுவதைச் சாதியோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் நம்மிடையே இன்னமும் இருக்கிறார்கள். நாளைக்கு மகனுக்குப் பெண் கேட்டுப் போகும் வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயம் அவருக்கு இருக்கும். அந்த வெட்கம் ஊரார் அவர் மேல் போட்டது. அதை மகன் தலையிலும் ஏற்ற வேண்டாம் என்று நேராகவே சொல்லுங்கள். நான் சொன்னதாகவும் சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. முடிதிருத்தம், துணிக்கடை, நகைத்தொழில் ஆகிய மூன்றுக்கும் 2009இல் வெளிநாட்டு ஆட்களை எடுப்பது நிறுத்தப்பட்டது. வருடக்கணக்காக மனு மேல் மனு போட்டு, 2023இல்தான் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அமைச்சரவை ஒப்புக்கொண்டது. கடல் தாண்டி வருகிறவனுக்கு அத்தனை காலம் கை ஏந்தி நின்றோம். வீட்டுக்குள்ளேயே “நான் கற்றுக்கொள்கிறேன்” என்று வந்து நிற்கும் பிள்ளையை விரட்டுகிறோம்.

சரி, இப்போது மகனிடம் வருகிறேன். “கடையைப் பார்த்துக்கொள்கிறேன்” என்பது வேறு, முடிவெட்டுவது வேறு. கல்லாவில் உட்கார ஆசைப்படுகிறானா, நாள் முழுக்க நின்றபடி வேலை செய்ய ஆசைப்படுகிறானா என்று கேளுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பாவின் கால் எப்படி வீங்கும் என்று அவனுக்குத் தெரியுமா? முடி அலங்காரத்துக்கும் மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது. அதைப் படிக்கட்டும், கணக்கும் கற்கட்டும். அப்புறம், சொந்தத் தொழில்காரனுக்கு ஓய்வுக்கால சேமநிதியான இபிஎஃப் கட்ட முதலாளி இல்லை. இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் அவனே கட்டினால், 2025 முதல் அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை சேர்த்துப் போடுகிறது. சுயதொழில் செய்பவருக்கு சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் பாதுகாப்பும் உண்டு, 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி. உங்கள் கணவர் இவற்றில் ஏதாவது கட்டியிருக்கிறாரா? கட்டவில்லை என்றால், மகனைப் பற்றிய அவருடைய பயத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. அப்பாவும் மகனும் ஒரே நாளில் போய்ப் பதிந்துவிட்டு வரட்டும்.

கடன் மட்டும் வேண்டாம். மனமில்லாத பிள்ளையைப் பொறியியலுக்கு அனுப்பினால், பாதியில் படிப்பு நின்றாலும் கடன் நிற்காது. ஒரு வருடம் கடையில் நின்று பார்த்துவிட்டு அவனே “படிக்கப் போகிறேன்” என்றால் அப்போது அனுப்புங்கள், வயது ஓடிவிடாது.

இந்த வாரமே அந்த மூன்றாவது நாற்காலியைத் துடைத்து வையுங்கள். கடை சாத்திய பிறகு உங்கள் கணவர் அதில் உட்காரட்டும், மகன் அவருக்கு வெட்டட்டும். கோணலாக வந்தால் எங்கே கோணல் என்று அவர் சொல்லாமல் இருக்க மாட்டார். ஒரு மாதமாக நின்றுபோன பேச்சு அதிலாவது தொடங்கட்டும். ஆறு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள், எப்படி முடிந்திருந்தாலும்.