டிசிஎம் மாற்றியும் தீராத கியர்பாக்ஸ் பழுது: புதிய கார் கேட்டு வழக்குப் போடலாமா?

கேள்வி: நான் கோயம்புத்தூரில் வசிக்கிறேன். 2020இல் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட கார் வாங்கினேன். 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது, வாரண்டி முடிந்துவிட்டது. மூன்று மாதங்களுக்கு முன் வயதான தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, கியர் விழாமல் வண்டி நடுச்சாலையில் நின்றுவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரில், கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மின்னணு அலகான டிசிஎம் போய்விட்டது என்று சொல்லி, அதை மாற்றி ரூ. 74,500 வாங்கினார்கள். மூன்றே வாரத்தில் அதே பழுது திரும்பியது. இப்போது கிளட்ச் தொகுதியையும் மாற்ற ரூ. 1,85,000 கேட்கிறார்கள். சர்வீஸ் அட்வைசர் தரக்குறைவாகப் பேசினார். கார் 20 நாட்களாக அங்கேயே நிற்கிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் வண்டியை எடுத்துவரச் சொல்கிறார். புதிய காரும் ரூ. 10 லட்சம் இழப்பீடும் கேட்டு வழக்குத் தொடுக்க விரும்புகிறேன்.

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தை முழுவதும் படித்தேன். தாயாருடன் நடுச்சாலையில் நின்ற வேதனை உண்மையானது. ஆனால் அதுவும், அட்வைசரின் பேச்சும், இழப்பீட்டுத் தொகையைச் சற்றுக் கூட்டவோ குறைக்கவோ உதவுமே தவிர, வழக்கின் வெற்றியைத் தீர்மானிக்காது. அதைத் தீர்மானிக்கப்போவது நீங்கள் இணைத்திருக்கும் ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் சென்டரின் வேலைப் பதிவுச் சீட்டில், உள்ள ஒரே ஒரு வரி: “பி0700, யு0101 – டிசிஎம் மாற்றப்பட்டது.” ஸ்கேனர் காட்டிய அந்தப் பழுதுக் குறியீடுகளுக்கும் மாற்றத்துக்கும் இடையில் எந்தச் சோதனையும் பதிவாகவில்லை. உங்கள் வழக்கு முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பி0700 என்பது கியர் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது என்ற பொதுவான அறிவிப்பு. என்ன கோளாறு என்பதை டிசிஎம்மின் உள்ளே பதிவான குறியீடுகளைப் படித்தால்தான் அறிய முடியும். யு0101 என்பது டிசிஎம்முடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்படும். தொடர்பு அறுவதற்கு டிசிஎம் செத்திருக்கலாம். பேட்டரி மின்னழுத்தம் இறங்கியிருக்கலாம். எர்த் வயர் துருப்பிடித்திருக்கலாம். கனெக்டரில் ஈரமோ எண்ணெயோ ஏறியிருக்கலாம். தகவல் செல்லும் இரு கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு அந்த இரு கம்பிகளுக்கும் இடையிலான மின்தடையை அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும் என்பது இத்துறையினர் அனைவரும் அறிந்தது. இவற்றைச் சோதித்துவிட்டுத்தான் விலை உயர்ந்த பாகத்தை மாற்றினார்களா என்பதே கேள்வி. சோதிக்கவில்லை என்றால் அது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாடு.

புதிய கார் என்ற கோரிக்கையை இன்றே கைவிடுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து, 62,000 கி.மீ. ஓட்டிய காரில் உற்பத்திக் குறைபாடு என்று சொன்னால், எதிர்த்தரப்பு அந்த ஓட்டத்தையே முதல் ஆவணமாகக் காட்டும். வாரண்டியின்கீழ் நிறுவனத்தின் கடமை பழுதான பாகத்தைச் சீர்செய்வதோ மாற்றுவதோதான், முழு வாகனத்தையும் மாற்றித்தருவதல்ல என்று மாருதி உத்யோக் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. உங்களுக்கோ வாரண்டியே முடிந்துவிட்டது. மேலும், உற்பத்திக் குறைபாடு என்று மனுவில் எழுதிய கணமே அதை நிபுணர் அறிக்கையால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் ஏறுகிறது. அதே சட்டத்தின் பிரிவு 38(2)(சி) படி நுகர்வோர் ஆணையம் சோதனைக்கு அனுப்பும். 45 நாளில் அறிக்கை வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் சோதனைக் கட்டணத்தை நீங்கள் கட்டி, நிபுணர் கிடைத்து, அவர் வந்து பார்த்து முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். வலுவான சேவைக் குறைபாட்டு வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு, பலவீனமான உற்பத்திக் குறைபாட்டை அதன் முன்னால் நிறுத்தி, இரண்டையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் கடைசி வரிகளில் இருக்கிறது. அந்த மெக்கானிக் திறமைசாலியாகவே இருக்கலாம். எர்த் வயரைச் சுத்தம் செய்து ஒரே மணி நேரத்தில் வண்டியை ஓடவைக்கவும் கூடும். ஆனால் அவர் கை வைத்த கணத்தில் உங்கள் வழக்கின் பொருட்சான்று கலைந்துவிடும். என்னிடம் வந்த ஒருவர் இதைத்தான் செய்தார். வெளியில் சரிசெய்த பிறகு, பழுது வயரிங்கில்தான் இருந்தது என்று மகிழ்ச்சியோடு எங்களிடம் வந்தார். எதிர்த்தரப்பு கேட்டதோ ஒரே கேள்வி: “இடையில் திறந்தது யார்?” அதற்கு எங்களிடம் பதில் இல்லை. குறியீடுகள் அழிக்கப்பட்டிருந்தன, துருப்பிடித்த பழைய வயர் குப்பைக்குப் போயிருந்தது, புகைப்படம் ஒன்றுகூட இல்லை. அவர் சொன்னது முழு உண்மை என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆனாலும் மனு தள்ளுபடியானது.

ஆகவே, இப்போதுள்ள நிலையில் டிசிஎம்மின் உள்குறியீடுகள் உட்பட முழு ஸ்கேன் ரிப்போர்ட்டை, சேஸிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், தேதி, நேரம் ஆகியவற்றுடன் அச்சிட்டுக் கையெழுத்திட்டுத் தருமாறு சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் செல்பேசிச் செயலியில் எடுத்த படங்களை நம்பியிருக்க வேண்டாம். மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் பொதுக் குறியீடுகளோடு நின்றுவிடும். மின்னணுப் பதிவுகளைத் தாக்கல் செய்யும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து, பழைய டிசிஎம் எங்கே? நீங்கள் பணம் கொடுத்து மாற்றியதால், பரிமாற்றத் தள்ளுபடி எதுவும் பெறாதவரை, கழற்றிய பாகம் உங்களுடையது. அதைத் தனியாகச் சோதித்து, நல்ல நிலையில் இருக்கிறது என்று தெரியவந்தால், ரூ. 74,500 தேவையில்லாமல் வாங்கப்பட்டது என்பதற்கு அதைவிட வலுவான சான்று வேறு இல்லை. அப்புறப்படுத்திவிட்டோம் என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அதுவும் உங்களுக்குச் சாதகமே. புதிய டிசிஎம்மின் வரிசை எண்ணும், அதை உங்கள் சேஸிஸ் எண்ணுக்குக் கோடிங் செய்த, அதாவது மென்பொருள் வழியே உங்கள் காருடன் இணைத்த, பதிவும் பில்லில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உண்மையில் புதியது பொருத்தப்பட்டதா என்பதே அதிலிருந்துதான் தெரியும்.

பரிசோதனைக் கட்டணமாக ரூ. 3,500 கேட்கிறார்கள், ஒரு பைசா தரமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உழைப்பும் திறமையும் செலுத்திய பொருளை, கூலி வரும்வரை பிடித்துவைக்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 பணிமனைக்குத் தருகிறது. கொள்கைக்காக வண்டியை அங்கேயே விட்டவர்களின் கார்கள் மழையில் நின்று, எலி கடித்து, மூலப் பழுது எது என்றே தெரியாத நிலைக்கு வந்ததைக் கண்டிருக்கிறேன். ஆட்சேபத்தின்பேரில் செலுத்துவதாக ரசீதிலேயே எழுதிப் பணத்தைக் கட்டிவிட்டு, வண்டியை எடுத்துப் பூட்டிவையுங்கள். வண்டியை வெளியே எடுக்கத் தரும் கேட் பாஸில் “முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்” என்று அச்சிட்டிருந்தால் அதை அடித்துவிட்டு, “பழுது தீராத நிலையில் பெறுகிறேன்” என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, என் வெளிப்படையான ஆலோசனை சமரசம்தான். ஆணையத்தில் வென்றாலும் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது டிசிஎம் தொகை, வட்டி, மிதமான ஒரு இழப்பீடு, வழக்குச் செலவு. அதற்கும் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு உண்டு. அந்தக் காலம் முழுவதும் காரைத் திறக்காமல் வைத்திருக்க உங்கள் குடும்பத்தால் முடியுமா என்று யோசியுங்கள். வக்கீல் நோட்டீஸில் புதிய காரையும் பத்து லட்சத்தையும் எழுதினால், அது நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்குப் போய் அச்சடித்த மறுப்பாகத் திரும்பும். மாறாக, ஜாப் கார்டின் நகலை இணைத்து, எந்தச் சோதனையின் அடிப்படையில் டிசிஎம் மாற்றப்பட்டது என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, வயரிங்கையும் எர்த் இணைப்பையும் உங்கள் முன்னிலையில் கட்டணமின்றிச் சோதிக்க வேண்டும், அங்கே பழுது இருந்தால் ரூ. 74,500ஐத் திருப்பித்தர வேண்டும், இல்லையெனில் பொருத்திய டிசிஎம்முக்கு ஓராண்டு எழுத்துப்பூர்வ உத்தரவாதம் தர வேண்டும் என்று கேட்டால், பேச உட்காருவார்கள். தொகையில் முக்கால் பங்கு கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால், “முழு மற்றும் இறுதித் தீர்வு” என்ற கடிதத்தில், சரிசெய்த வண்டியைக் குறைந்தது ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கும் முன் கையெழுத்திட வேண்டாம். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 69இன் இரண்டு ஆண்டுக் காலவரம்பு நின்றுவிடாது. டிசிஎம் பில்லின் தேதியிலிருந்தே அதை எண்ணிக்கொண்டு, சமரசம் இழுத்தடிக்கப்படுவதாகத் தெரிந்தால், ஓராண்டு நிறையும் முன் சேவைக் குறைபாட்டை மட்டும் வைத்து மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.