‘டிரான்ஸ்கிரிப்ஷன்’ என்ற பெயருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: பழைய இசைத்தட்டுகளைக் கேட்க நல்ல டர்ன்டேபிள் தேடுகிறேன். தரகர் ஒருவர் காரார்ட் எஸ்பி 25 ஒன்றைக் காட்டி, “இது டிரான்ஸ்கிரிப்ஷன் ரகம், வானொலி நிலையத்துத் தரம்” என்று பெருந்தொகை கேட்கிறார். அமெரிக்காவிலிருந்து வந்த காரார்ட் 301 ஒன்றும் தன்னிடம் உண்டு என்கிறார். எதை வாங்குவது?

பதில்: எஸ்பி 25 டிரான்ஸ்கிரிப்ஷன் ரகம் அல்ல. அது வீட்டு உபயோகத்துக்காக, கைக்கு அடக்கமான விலையில், இங்கிலாந்தின் காரார்ட் நிறுவனம் தன் ஸ்விண்டன் ஆலையில் செய்த எளிய கருவி. அதற்குரிய விலைக்குக் கிடைத்தால் வாங்கிக் கேட்கலாம். வானொலிக் கதைக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம்.

அமெரிக்க வானொலி நிலையங்கள் முன்கூட்டியே பதிவு செய்த நிகழ்ச்சிகளை 16 அங்குலத் தட்டுகளில் வைத்திருந்த காலத்தில், அவற்றைச் சீரான வேகத்தில் ஓட்டும் கனத்த இயந்திரங்களுக்கு வழங்கிய பெயர்தான் ‘டிரான்ஸ்கிரிப்ஷன்’. பின்னர் நிறுவனங்கள் தங்களுடைய உயர்ந்த வீட்டு மாடல்களுக்கும் அதையே சூட்டிக்கொண்டன. யாரும் சோதித்துச் சான்று தரவில்லை. தயாரிப்பாளர் விரும்பினால் அட்டையில் அச்சிடலாம், அவ்வளவுதான். 1960களில் ஜெர்மனியின் டிஐஎன் 45500 தரநிலை, வேக ஏற்ற இறக்கம் 0.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என எண்ணில் சொன்னது. ஆனால் அது ஹைஃபைக்கான (நல்ல ஒலித்தரமுள்ள வீட்டுக் கருவிகளுக்கான) குறைந்தபட்ச வரம்புதான், முதல் தரத்துக்கான முத்திரை அல்ல. இன்றைய இணையச் சந்தைகள் பலவோ மாடல் எண்ணைக்கூடக் கட்டாயமாகக் கேட்பதில்லை. ‘விண்டேஜ்’ என்ற ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் கொட்டி வைக்கின்றன.

உண்மையான டிரான்ஸ்கிரிப்ஷன் மாடலுக்கு 1950களில் வந்த 301 நல்ல எடுத்துக்காட்டு. 1957-இல் வந்த ஸ்விட்சர்லாந்தின் தோரன்ஸ் டிடி 124-உம் அதே வரிசை. 301-ஐக் காரார்ட், ஊசியைத் தாங்கும் கை இல்லாமல், மோட்டாரும் சுழல்தட்டும் மட்டுமாகவே விற்றது. கையை வாங்குபவர் தனியாகத் தேர்ந்தெடுத்தார். ஆகவே “கம்பெனி பொருத்திய ஒரிஜினல் கையோடு 301” என்று ஒருவர் சொன்னால், அவருக்குப் பொருள் தெரியாது அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். தொடக்ககால 301-இன் சாம்பல் நிறத்துக்கு அதிக விலை உண்டு என்பதால், புதுப் பூச்சைப் பழையதாகக் காட்டும் வேலையும் நடக்கிறது.

தட்டுகளைத் தானே அடுத்தடுத்துப் போடும் ஆட்டோ சேஞ்சர் எல்லாம் கீழ்த்தரம் என்பது அக்கால ரசிகர்களின் பொது விதி. அதற்கு ஒரு விலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் டூயல் 1019 சேஞ்சராக இருந்தும், 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள சுழல்தட்டும், மிகக் குறைந்த ஊசி அழுத்தத்தில் தடம் பிடிக்கும் நல்ல கையும் கொண்டது. தனித் தட்டாகவும் போடலாம். “சேஞ்சர்தானே” என்று யாராவது அதை மலிவாகத் தள்ளினால் விட்டுவிடாதீர்கள். சுழல்தட்டின் எடை, அதன் அச்சைத் தாங்கும் பேரிங்கின் ஓசையின்மை, கையின் அசைவு ஆகியவைதான் ரகத்தைச் சொல்லும், பெயர்ப்பலகை சொல்லாது.

அமெரிக்காவிலிருந்து வந்த அந்த 301-இல் ஒரு பொறி உண்டு. அங்கு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கு 50. மோட்டாரின் கப்பி (புல்லி) 60-க்கு உரியதாக இருந்தால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது இங்கே ஏறத்தாழ 28 ஆகிவிடும். பாட்டு இழுத்து முனகும். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மட்டுமே மாற்றும், இதைச் சரிசெய்யாது. 301-இல் உள்ள வேகத் திருகும் சிறு பிசகைத்தான் திருத்தும். 50 ஹெர்ட்ஸ் கப்பியை மாற்றிப் பொருத்த வேண்டும், அதன் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன், வேகத்தைச் சரிபார்க்க உதவும், 180 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோப் அட்டையைச் சுழல்தட்டில் வைத்து, பழைய குண்டு பல்பின் வெளிச்சத்தில் ஓட்டிப் பாருங்கள். எல்இடி விளக்கில் பெரும்பாலும் தெரியாது. 33⅓-இல் கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. மோட்டாரிலிருந்து தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரம், பல ஆண்டுகள் அழுந்தியே கிடந்திருந்தால் ஒரு பக்கம் தட்டையாகி ஒவ்வொரு சுற்றிலும் ‘டக், டக்’ என்று ஒலிக்கும். அதையும் காதால் கேட்ட பிறகே பேரத்தைத் தொடங்குங்கள்.