ஆண் இருவாச்சி ஏன் ஓடிப்போவதில்லை?

"குஞ்சு வளர்ப்பில் உழைக்காமல் வேறு துணை தேடினால் ஆணுக்கு லாபம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். வால்பாறைக்காரனான எனக்கு கேரளத்தின் வாழச்சால் காட்டில் வாழும் பெரிய இருவாச்சிப் பறவைதான் நினைவுக்கு வருகிறது. மலையாளத்தில் அதற்கு மலமுழக்கி வேழாம்பல் என்று பெயர்; மலையை முழங்கவைப்பது என்று பொருள். அது கத்துவதைக் கேட்டவர்கள் பெயரைக் குறை சொல்லமாட்டார்கள்.

பெண் மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தால் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் இடுக்கு மட்டும் மிஞ்சும். உள்ளேயே சிறகின் இறகுகளை உதிர்த்துவிடும். ஏறத்தாழ 3 முதல் 4 மாதம் ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். இடுவதோ 1 அல்லது 2 முட்டை. அவன் ஓடினால் அந்த ஆண்டின் வாரிசே போய்விடும். வேறு துணை தேடலாமென்றால் பெரிய பொந்துள்ள மரங்களும் அரிது. ஆக, இதைக் காதல் என்று உருகவேண்டாம். தங்கிய ஆண்களின் குஞ்சுகளே பிழைத்தன, அந்தக் குணமே தொடர்ந்தது.

குளத்து இலைக்கோழியில் கதை தலைகீழ். பெண் உருவில் பெரியது. பல ஆண்களுடன் கூடி முட்டையிடும். அடைகாப்பது ஆண். குஞ்சுகள் பொரித்தவுடனே தாமே இரை பொறுக்கும், ஊட்டத் தேவையில்லை. எனவே ஒருவர் காவலே போதும். முட்டைகள் அடிக்கடி அழியும் நீர்நிலையில், அடுத்த தொகுதி முட்டைகளை விரைவாக இடும் பெண்ணுக்கே ஆதாயம்.

ஆண், பெண் இரண்டில் குஞ்சு வளர்ப்பில் அதிகம் செலவிடும் பாலினத்துக்காகவே மற்றது போட்டியிடும் என்று பரிணாம உயிரியலாளர் ராபர்ட் டிரைவர்ஸ் 1972இல் எழுதினார். இலைக்கோழியில் சண்டை போடுவது பெண்கள்தான்.