காற்றில் நடக்கும் மிருகத்தின் கால்

அன்புள்ள ஐயா,

நெதர்லாந்தின் கலைஞர் தியோ யான்சென் குழாய்களால் செய்யும், கடற்கரையில் காற்றின் விசையால் நடக்கும் மிருகங்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, அவர் அளவுகளை வைத்து ஐஸ்குச்சியில் ஒரு கால் செய்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகி நிற்கிறது. தள்ளிவிட்டால் நொண்டுகிறது. எங்கே பிழை? இன்னொன்று: இது பொறியியல்தானே, ஏன் கலை என்கிறார்கள்?

ர.

அன்புள்ள ர.,

இறுகுவதும் நொண்டுவதும் வேறு வேறு நோய்கள்.

இறுகுவதற்குக் காரணம் அநேகமாகச் சுழலும் அச்சு. கிராங்கின் (அச்சோடு சேர்ந்து சுழலும் கைப்பிடி போன்ற பகுதி) முனையிலிருந்து மேலே ஒரு தண்டும் (அளவு 50; இந்த எண்களெல்லாம் விகிதங்கள்தான்) கீழே ஒரு தண்டும் (61.9) போகின்றன அல்லவா, சுற்றுக்கு ஒருமுறை இரண்டுமே அச்சின் மையத்தைக் கடந்தாக வேண்டும். நீங்கள் ஒரே கம்பியை நேராக ஊடுருவ விட்டிருந்தால் குச்சி அதில் முட்டும். சைக்கிள் பெடல் மாதிரி, அச்சு கிராங்க் தகட்டோடு நின்றுவிட வேண்டும்.

நொண்டலுக்கு 7.8ஐப் பாருங்கள். நிலையான மூட்டு, அதாவது உடம்பில் நகராமல் பொருத்திய மூட்டு, அச்சிலிருந்து பக்கவாட்டில் 38, அதோடு 7.8 கீழே இருக்க வேண்டும். சின்ன எண்தானே என்று பலரும் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்துவிடுகிறார்கள். அப்போது பாதம் வரையும் வளைவு முழுக்க ஏறத்தாழ 12 பாகை சாய்ந்துவிடும். அந்த வளைவின் அடிப்பக்கம் தட்டையாக இருப்பதுதான் இந்தக் காலின் உயிர். அதனால்தான் உடம்பு ஏறி இறங்காமல் சக்கரம்போல வழுக்கிப் போகிறது.

மற்ற அளவுகளையும் சரிபாருங்கள். கிராங்க் 15. மேல் முக்கோணம் 41.5, 40.1, 55.8, முதல் இரண்டும் நிலையான மூட்டில் சேரும். அதே மூட்டிலிருந்து கீழே இறங்குவது 39.3. கால் முக்கோணம் 36.7, 49, 65.7, கடைசி இரண்டும் சேருமிடம் பாதம். முக்கோணங்களை வெளிப்புறம் இணைப்பது 39.4. ஐஸ்குச்சிக்கு எல்லாவற்றையும் 1.5 மில்லிமீட்டரால் பெருக்கினால் மிக நீளமானது 98.55தான், குச்சிக்குள் அடங்கும். நீளம் என்பது துளையின் மையத்திலிருந்து அடுத்த துளையின் மையம் வரை, குச்சியின் நுனி கணக்கில்லை. முக்கோணங்களின் மூலைகளைப் பசை போட்டு இறுக்குங்கள். மற்ற மூட்டுகளில் நட்டை முறுக்கிவிட்டு அரைச் சுற்று தளர்த்தி, மேலே இன்னொரு நட்டால் பூட்டுங்கள். ஒற்றைக் கால் எப்படியும் நிற்காது. எதிரெதிராக ஒரு ஜோடி ஒரே கிராங்கில், அப்படி மூன்று ஜோடி, 120 பாகை இடைவெளியில்.

கலையா என்றால், எனக்குச் சந்தேகமே இல்லை. யான்சென் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் இயற்பியல் படித்தவர். 1980இல் அதே ஊரின்மேல் ஹீலியம் அடைத்த பறக்கும் தட்டை மிதக்கவிட்டு மக்களை அலறவைத்த குறும்புக்காரரும்கூட. இந்த எண்களைக் கண்டுபிடிக்க, தாறுமாறான அளவுகளில் 1500 கால்களைக் கணினியில் நடக்கவிட்டு, நன்றாக நடந்த 100ஐ மட்டும் தேர்ந்து, அவற்றிலிருந்து அடுத்த தலைமுறையை உண்டாக்கி, மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். மின்கம்பி இழுக்கும் மலிவான மஞ்சள் பிவிசி குழாய்தான் எலும்பு. பிளாஸ்டிக் பாட்டில்களில் அழுத்தி வைத்த காற்றுதான் வயிற்றுச் சோறு. ஓய்ந்துபோன மிருகங்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் புதைபடிவம். வண்டி செய்கிற எந்தப் பொறியாளர் தன் பழைய வண்டியை அப்படிச் சொல்வார்?

ஆறு கால்களும் சேர்ந்த பிறகு மணலில் விடுவதானால், பாதத்தில் அகலமான அட்டைத் துண்டு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் அடியிலேயே புதைந்துகொள்ளும்.