தேக்கடியின் மொட்டை மரங்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் கம்பத்திலிருந்து குடும்பத்துடன் தேக்கடி சென்றிருந்தோம். படகில் நெடுநேரம் சுற்றியும் புலியைக் காணவில்லை. தூரத்தில் சில மான்கள், படமெடுக்க விடாமல் ஏரி நடுவே நிற்கும் மொட்டை மரங்கள், அவ்வளவுதான். மகன் அழுதுவிட்டான். எந்த மாதத்தில் வந்தால் விலங்குகளைப் பார்க்கலாம்? அந்தக் கட்டைகளை ஏன் அகற்றாமல் வைத்திருக்கிறார்கள்?

கார்த்திகா, கம்பம்

அன்புள்ள கார்த்திகா,

மகனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். புலியைக் காட்டுவதாக ஆசை காட்டி அழைத்துச் சென்றவர்கள்மீதுதான் எனக்கு வருத்தம். கோடையில் நீர் இறங்கும்போது யானைகள் கரைக்கு வரும். காலை முதல் படகில் ஏறுங்கள். விலங்குகளைப் பற்றி இவ்வளவு போதும்.

கட்டைகளைப் பற்றி வெளியூர்க்காரர் கேட்டிருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். கம்பத்தில் இருந்துகொண்டு நீங்கள் கேட்கலாமா? 1895-இல் முல்லைப் பெரியாறு அணை நிறைந்து, மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆறு மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம் பக்கம் திரும்பியபோது, பள்ளத்தாக்கில் நின்ற காடு நின்றபடியே மூழ்கியது. அதில் எஞ்சியவைதான் உங்கள் படத்தைக் கெடுத்த மரங்கள். நீருக்குள் காற்று எட்டாததால் பூஞ்சை எளிதில் பற்றுவதில்லை. அதனால்தான் ஒரு நூற்றாண்டு கடந்தும் மட்காமல் நிற்கின்றன. காப்புக்காடே அந்த ஏரிக்குப் பின்னால் வந்ததுதான்: 1899-இல் ஏரியைச் சுற்றிய காடு காக்கப்பட்டது, 1934-இல் சரணாலயமானது, 1978-இல் புலிகள் காப்பகமானது.

அந்தக் கட்டைகள் சும்மாவும் நிற்கவில்லை. பாம்புத்தாராவும் நீர்க்காகமும் அவற்றில்தான் கூடு கட்டுகின்றன. பாம்புத்தாராவின் இறகு நீரில் ஊறிவிடும் என்பதால், மீனை விழுங்கியதும் அது கட்டையின் உச்சியில் ஏறி, இரு சிறகுகளையும் துணி உலர்த்துவதுபோல விரித்து, கழுத்தை மெல்ல அசைத்தபடி வெயிலில் நிற்கும். படகு அருகில் போனாலும் சட்டென்று பறக்காது. படமெடுக்க இதைவிட என்ன வேண்டும்?

என் அப்பா கூடலூரில் நெல் பயிரிட்டவர். சிறுவயதில் என்னைப் படகில் அழைத்துப்போனபோது, எல்லோரும் கரையில் யானையைத் தேடிக்கொண்டிருக்க, அவர் ஒரு கட்டையைக் காட்டி, "நம்ம வயக்காட்டுக்குத் தண்ணி வேணும்னுதான் இதெல்லாம் செத்துப்போச்சு" என்றார். திரும்பும் வழியில், அந்த ஏரித் தண்ணீரை லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மலைச்சரிவில் இறக்கும் இரும்புக் குழாய்களையும் காட்டினார். அவருக்கு அவ்விரண்டும் ஒரே காட்சி.

ஆண்டுதோறும் ஜனவரி 15 அன்று பென்னிகுவிக் பிறந்தநாளுக்கு நம் ஊர்களில் பொங்கல் வைக்கிறோம். நானும் வைப்பவன்தான், அந்த மனிதருக்கு அந்த நன்றி தகும். ஆனால் அணையைக் கட்டியவரின் பெயர் தெரிந்த நமக்கு, அணைக்காக மூழ்கிய காட்டின் ஒரு மரத்தின் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாது. அந்த நாளில் அந்தக் காட்டைப் பற்றி நான் பேச்செடுத்தால், "மரந்தானே" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். நீங்களும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள், கொஞ்சம் நாகரிகமாக.